எல்லா நாளும் வார்ப்பு நாள்: தங்கராஜ் நினைவாக

தங்கராஜ் போய்விட்ட செய்தி காலைக் கூட்டத்தின் நடுவில்தான் எனக்கு வந்தது. திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பக்கம் ஒரு கட்டட வேலையிடத்தில், சிமெண்ட் கொட்டகைக்கு முன்னால், கொத்தனார், பிளம்பர், பெயிண்டர் என்று பதினைந்து பேர் வட்டமாக நின்றுகொண்டிருந்தோம். இன்றைக்கு எவர் என்ன செய்யப்போகிறார், எது தடை என்று ஒவ்வொருவராகச் சொல்லி வந்தார்கள். கூட்டத்தில் யாருடைய போன் அடித்தாலும் நான் முறைப்பேன். அன்றைக்கு அடித்தது என்னுடையது. எங்களோடு பழைய நாளில் வேலை செய்த எலக்ட்ரீஷியன் சசி, வித்துராவிலிருந்து பேசினான். "பத்மா மேடமே, நம்முடெ தங்கராஜ் சார் போயி" என்றான். எங்கே போனார் என்று கேட்டேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி! சசி அழுதான்.

விடியற்காலையில் நெஞ்சு வலி என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஐம்பது வயது கூட ஆகவில்லை. நான் கூட்டத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவருக்கே பிடித்திருக்காது. மீதிப் பேர் தங்கள் தடையைச் சொன்னார்கள், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், பிறகு அவர் ஊரான பாறசாலைக்கு பஸ் ஏறினேன். அந்த நோட்டுப் பக்கத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை செய்தவர்கள். திருவனந்தபுரத்தில் அடுக்குமாடி வீடு கட்டும் கம்பெனிகளில், காலையில் எல்லா வேலைக்காரரும் கால் மணி நேரம் நின்று பேசிவிட்டு வேலைக்குப் போகிற வழக்கம் இன்று பல இடங்களில் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த கதை இது. இதில் நான் நல்லவளாக வரவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

நான் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துப் பெண். சிவில் படித்து, கம்ப்யூட்டரில் வேலை அட்டவணை போடக் கற்றுக்கொண்டு, பிளானிங் இன்ஜினியர் என்ற பெயரோடு தங்கராஜ் வேலை பார்த்த கம்பெனியில் சேர்ந்தேன். கோபம் எனக்குக் கூடவே பிறந்தது. புது நூற்றாண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது, ஐ.டி. பார்க்கில் வேலைக்கு வருகிறவர்களை நம்பி, ஊரெங்கும் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் கட்டடம் நாலு மாடி, முப்பத்திரண்டு வீடு. சைட் இன்ஜினியர் தங்கராஜ். பாறசாலைக்காரர், டிப்ளமா படித்தவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஞாயிறு தவறாமல் சர்ச். சட்டைப் பையில் ஒரு பென்சில், காதில் ஒரு பென்சில், ஆனால் ரிப்போர்ட் எழுதச் சொன்னால் மட்டும் பென்சில் கிடைக்காது. மாதாந்திர ரிப்போர்ட்டை அவரிடமிருந்து வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

என் அட்டவணையைப் பற்றிச் சொல்லவேண்டும். கோயில் உற்சவ நோட்டீஸ் அளவுக்கு ஒரு பெரிய தாளில், கலர் கலராகப் பட்டைகள் போட்டு, சைட் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தேன். முதலில் முப்பத்திரண்டு வீட்டிலும் பூச்சு. அது முடிந்ததும் முப்பத்திரண்டிலும் டைல்ஸ். அப்புறம் பெயிண்ட். ஒரே வேலையை ஒரே மூச்சில் செய்தால் வேகம் வரும் என்பது என் படிப்பு. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, "திட்டம் எழுபது சதவீதம் முடிந்தது" என்று அறிக்கை கொடுத்தேன். எம்.டி.க்கு ஒரே சந்தோஷம். தங்கராஜ் அந்தத் தாளை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்துவிட்டு, "மேடம், ஒண்ணு கேக்கட்டா? கோவிக்கப்பிடாது. இதில எந்த வீட்டுல பைப்பைத் தொறந்தா தண்ணி வரும்?" என்றார். எதிலும் வராது. "அப்போ எழுபது சதவீத வீட்டில எழுபது சதவீதக் குடும்பமா குடியிருக்கும்?" பக்கத்தில் நின்ற கொத்தனார்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

அதோடு விட்டாரா? இல்லை. தாளின் வலது ஓரத்தில் விரலை வைத்தார். வீடுகளை ஒப்படைக்கும் நாள் அங்கே சிவப்பில் இருந்தது. "மேடம், இது கர்க்கடக மாசம் கேட்டியளா. உங்களுக்கு ஆடி. எவன் வந்து பால் காச்சுவான்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆடி மாதத்தில் விளக்குமாறு கூட வாங்காத வீட்டில் பிறந்தவள் நான். என் கம்ப்யூட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியும், சர்க்கார் விடுமுறை தெரியும், ஆடி தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? சர்ச்சுக்குப் போகிற மனுஷன் அக்ரஹாரத்துக்காரிக்கு ஆடியைச் சொல்லிக்கொடுக்கும்படி ஆயிற்றே என்று எனக்கு ஆத்திரம். தப்பு செய்ததைவிட, தப்பைக் கண்டுபிடித்தவர் மேல்தான் ஆத்திரம் அதிகம் வந்தது. வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "ஏண்டி, இது கூடவா தோணல்லே உனக்கு? அந்தப் பிள்ளையாண்டான் சமத்து" என்றாள். அந்த ராத்திரி நான் சாப்பிடவில்லை.

எஸ்தர் வந்தது அந்த வாரத்தில்தான். பாளையங்கோட்டைப் பெண், கழக்கூட்டத்தில் ஒரு சாப்ட்வேர் ஆபீஸில் வேலை. இரண்டாவது மாடியில் மூலை வீடு அவளுடையது. ஆறு மாத கர்ப்பிணி. வாடகை வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து திரும்பி வருகிறார், ஆகஸ்டுக்குள் காலி செய்யவேண்டும். பேறுகாலத்துக்கு முன்னால் புது வீட்டில் கால் வைத்தால் போதும் என்றாள். நான் பெருமையாக அட்டவணையைக் காட்டி, எழுபது சதவீதம் முடிந்துவிட்டது என்றேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மேடம், குழந்தை எழுபது சதவீதம் பிறந்திருக்குன்னு எந்த டாக்டராவது சொல்லுவாங்களா?" என்றாள். தங்கராஜ் சிரிப்பை அடக்கத் தெரியாமல் வெளியே போய்விட்டார்.

பிறகு அவர் திரும்பி வந்து அவளுடைய ஆபீஸ் வேலையைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு எஸ்தர் பொறுமையாகப் பதில் சொன்னாள். அவர்கள் ஆபீஸில் இப்போது ஒரு புது முறையைப் பழகுகிறார்களாம். பெரிய வேலையைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டை முழுசாக முடித்து, வேண்டியவர்களுக்குக் காட்டிவிடுவார்களாம். தினமும் காலையில் எல்லோரும் நின்றபடியே கால் மணி நேரம் பேசுவார்களாம்: நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன, எது தடை. தங்கராஜ் துள்ளிவிட்டார். "இது நம்ம வார்ப்பு நாளுல்லா!" என்றார்.

கட்டட வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாளைத்தான் இந்தப் பக்கத்தில் வார்ப்பு என்போம். கான்கிரீட் விழுந்துவிட்டால் மாற்றமுடியாது. அதனால் அன்று காலையில் கம்பி கட்டுகிறவர், பலகை அடிக்கிறவர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோரும் மேலே ஏறி நின்று, "உன் குழாய் வெச்சாச்சா, என் ஓட்டை விட்டாச்சா" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு; ஒரே இலை வரிசையில் உட்காருவார்கள். மறுநாள் அவரவர் மூலைக்கு அவரவர். "அந்த ஒரு நாள் மட்டும் எல்லாவனும் எல்லாவனையும் கேக்கான். தினமும் வார்ப்பு நாளா இருந்தா என்ன மேடம்?" என்றார் தங்கராஜ். எனக்கு அப்போது அது விளையாட்டுப் பேச்சாகத்தான் பட்டது.

நாலு நாள் கழித்து நான் சைட்டுக்குப் போனபோது, முதல் மாடியில் பூச்சு பூசவேண்டிய ஆட்கள் அங்கே இல்லை. எல்லோரும் இரண்டாவது மாடியில் இருந்தார்கள். பூச்சு, டைல்ஸ், குழாய் எல்லா வேலையும் ஆறு வீட்டில் மட்டும் நடந்துகொண்டிருந்தது. என் கலர்ப் பட்டைகளை ஒரு மனுஷன் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கி எறிந்துவிட்டார்! கேட்காதது அவர் தப்புதான். அதை இன்றும் சொல்வேன். ஆனால் நான் செய்ததற்கு அது சாக்கு இல்லை. சண்டை போட்டிருக்கலாம், நேரே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போய் எம்.டி.க்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். தங்கராஜ் அட்டவணையை மீறி எட்டு வீட்டில் மட்டும் வேலை நடத்துகிறார், திட்டத்துக்கு அவரால் கேடு, அவரை வேலையிலிருந்து நீக்கவேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவருக்கு அப்போது இரண்டு பெண்பிள்ளைகள், சின்னவளுக்கு மூன்று வயது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

எம்.டி. எங்கள் இருவரையும் கூப்பிட்டு, கடிதத்தை தங்கராஜ் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொன்னார். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. தங்கராஜ் நிதானமாக வாசித்தார். கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, "மேடம், இதில ஒரு தப்பு இருக்கு. நான் கை வச்சது ஆறு வீடு. நீங்க எட்டுன்னு போட்டிருக்கிய" என்றார். அவ்வளவுதான். எம்.டி. மலையாளமும் தமிழும் கலந்து ஒரே தீர்ப்பாகச் சொன்னார்: "சிங்கம் ஒண்ணாம் தேதி ஆறு வீட்டில பாலு காச்சணும். காச்சினா பாக்கி எல்லாம் தங்கராஜ் பறயும் போல. இல்லெங்கில் தங்கராஜ் வேற ஜோலி நோக்கிக்கோ." சிங்கம் ஒன்று என்றால் நமக்கு ஆவணி பிறப்பு. அன்று பால் காய்ந்தால் மீதி வீடெல்லாம் தங்கராஜ் சொல்கிறபடி, இல்லையென்றால் அவர் வேறு வேலை தேடிக்கொள்ளவேண்டும். ஏழு வாரம் இருந்தது, அதில் நாலு வாரத்துக்கு மேல் கர்க்கடக மழை. தங்கராஜ் தலையை ஆட்டிவிட்டு, என் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலையில் முதல் கூட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஓரமாக, குடைக்குள், வேடிக்கை பார்க்கிறவள் போல நின்றேன். தங்கராஜ் கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் எல்லோரையும் நிற்கவைத்தார். எழுத ஒன்றும் இல்லாததால் பையிலிருந்த ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் மூன்று பத்தி கோடு போட்டார்: என்ன தடை, யார் சரியாக்கணும், டிக். அடுத்த நாளிலிருந்து இதையே ஒரு பழைய பலகையில் கறுப்புப் பெயிண்ட் அடித்துச் சாக்கட்டியால் எழுத ஆரம்பித்தோம். முதல் நாள் மட்டும் காகிதம். அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டார். "செய்தவன் டிக் போடப்பிடாது. அவனுக்கு அடுத்து வாறவன்தான் போடணும். தன் வேலை முடிஞ்சுதுன்னு எல்லாவனும் சொல்லுவான். அடுத்தவன் கைக்கு வரும்பதான் உள்ளது தெரியும்."

சசிக்கும் டைல்ஸ் ஒட்டும் வேல்முருகனுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. வேல்முருகன் வள்ளியூர்க்காரன். டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரைச் சசி வந்து உடைத்தான் என்று இவன் சொல்வான். என் ஒயர்க் குழாயின் மேல் சிமெண்டை அடைத்தான் என்று அவன் சொல்வான். இப்போது சசியின் வேலைக்கு வேல்முருகன்தான் டிக் போடவேண்டும். "எல்லாம் முடிஞ்சு சாரே" என்றான் சசி. வேல்முருகன் மேலே போய், சுவர்க் குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு வந்தான். "ரெண்டு எடத்துல அடைச்சிருக்கு. போடமாட்டேன்" என்றான். சசி மலையாளத்தில் இரண்டு வார்த்தை பொரிந்து தள்ளிவிட்டு, மேலே போய்ச் சுத்தம் செய்தான். சாயங்காலம் வேல்முருகன் மறுபடி கம்பி விட்டான். கம்பி மறுபக்கம் வந்தது. டிக் போட்டுக் கையெழுத்தும் வைத்தான். அந்த வருஷ ஓணத்துக்கு வேல்முருகன் வித்துராவில் சசி வீட்டில் சாப்பிட்டான் என்றால் நம்புவீர்களா? நானே நம்பவில்லை.

மூன்றாவது வாரம் நானும் வட்டத்துக்குள் போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை; நின்று பார்த்துப் பார்த்துக் கால் தானாகப் போயிற்று. என்னுடைய பெரிய தாளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு திங்களும் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு சின்னத் தாள் போட்டுக் கொண்டுவந்தேன். தங்கராஜ் அதைப் பார்த்து, "இது கையில அடங்குது மேடம்" என்றார். அந்தப் பாராட்டுக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மழை என்று சமாளித்துக்கொண்டேன். அம்மா அந்த வாரத்திலிருந்து என் டிபன் டப்பாவில் ஒரு அடுக்கு கூட்டிவிட்டாள். "அந்த தங்கராஜுக்கும் ரெண்டு அடை வெச்சிருக்கேன். நீயே தின்னுட்டு வந்து நிக்காதே" என்று மிரட்டி அனுப்புவாள்.

மழை எங்களை விடவில்லை. பூச்சு காயவில்லை. அடித்த பெயிண்ட் அப்பளம் போலப் பொரிந்து உதிர்ந்தது. ஆவணி பிறப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது கூட்டத்தில் தங்கராஜே சொன்னார்: "ஆறு முடியாது. நாலு உறுதி. அஞ்சாமத்தது எஸ்தர் வீடு, மேற்குச் சுவர் நனைஞ்சு நிக்குது. ஆறாமத்தது ஓணத்துக்கு முன்னாலதான்." ஆறு இல்லையென்றால் அவருக்கு வேலை இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, எம்.டி.க்குக் கடைசி நாளில் சொல்லிக்கொள்ளலாமே, அதற்குள் வெயில் வந்தால் வரட்டுமே என்றேன். "கெட்ட செய்திய காலையிலேயே சொல்லிரணும் மேடம். சாயங்காலம் சொன்னா பொய் மாதிரி இருக்கும்" என்றார். அப்போதே எம்.டி.க்குப் போன் போட்டுச் சொன்னார். ஆறாவது வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னார். போனில் எம்.டி. என்ன சொன்னார் என்று அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது.

எஸ்தரை வரச்சொல்லி, ஈரச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எட்டாம் மாதம், படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "பிள்ளையோட இஞ்ச வந்து கெடக்கணும்னா, உங்களுக்கு முதல்ல எதெல்லாம் வேணும்?" எஸ்தர் யோசித்துச் சொன்னாள். காய்ந்த ஒரு அறை. அடுப்பு எரிகிற சமையலறை. வெந்நீர் வருகிற குளியலறை. பூட்டுகிற வாசல் கதவு. "மேற்கு அறையும் பால்கனியும் அலமாரியும் அப்புறம் வந்தாப் போதும் சார். நான் என்ன டான்ஸா ஆடப்போறேன்?" என்றாள். தங்கராஜின் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று. முழு வீடு என்றால் முடியாது, இது முடியும். மேற்கு அறையைப் பூட்டி வைத்துவிட்டு, அத்தனை ஆட்களையும் அந்த நாலு காரியத்தில் இறக்கினார். வாசல் கதவுக்கு டிக் போடவேண்டியது எஸ்தர் என்று சொல்லி, அவளையே சாவியைத் திருகிப் பார்க்கவைத்தார்.

ஆவணி பிறந்த அன்று மழை விட்டிருந்தது. இரண்டாவது மாடி நடைவழியில் ஐந்து வாசலிலும் செருப்புகள். நாலு வீட்டில் கணபதி ஹோமம், ஒரு வீட்டில் ஜெபம். ஐந்து வீட்டிலும் பால் பொங்கியது. பத்து மணிக்கு எம்.டி. வந்தார். தங்கராஜ் புதுச் சட்டை போட்டு, வேலையை விட்டுப் போகிறவர் போல மேஜையைக் காலி செய்து வைத்திருந்தார். "சார், ஆறு சொன்னேன். அஞ்சுதான் ஆச்சு" என்றார். எம்.டி. அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, பிளானிங் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார். அன்றைக்கு நான் நாலு பக்கம் எழுதவில்லை, சதவீதமும் போடவில்லை. ஒரு வரிதான்: "இன்று காலை ஐந்து வீடுகளில் பால் காய்ந்தது." எம்.டி. அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு எஸ்தர் வீட்டுக்குள் போய், அவள் தந்த பாலைக் குடித்து, வெந்நீர்க் குழாயைத் தானே திறந்து பார்த்துவிட்டு வந்தார். "ஆறாமத்தது எப்போ?" என்றார். "ஓணத்துக்கு முன்னால சார்." "அது மதி, போதும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நானும் சசியும் வேல்முருகனும் குதித்த குதியில் கீழ்மாடிக்காரர்கள் பயந்துபோயிருப்பார்கள், கீழ்மாடியில் யாராவது குடியிருந்திருந்தால்.

ஆறாவது வீடு ஓணத்துக்கு இரண்டு நாள் முன்னால் முடிந்தது. எஸ்தருக்கு அதே மாதம் பெண் குழந்தை. "நூறு சதவீதம்" என்று தங்கராஜுக்குச் செய்தி அனுப்பினாள். மீதி வீடுகளை ஆறு ஆறாக முடித்தோம். அடுத்த கட்டடம், அதற்கடுத்தது என்று ஏழு வருஷம் அவரோடு வேலை செய்தேன். சொன்ன தேதியெல்லாம் தப்பவில்லை என்று சொல்லமாட்டேன். தப்புகிறது என்பது பத்து நாள் முன்னாலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு நான் வேறு கம்பெனிக்கு வந்தேன், பலகையை மட்டும் மனசோடு கொண்டுவந்தேன்.

ஒன்றை மட்டும் அந்த ஏழு வருஷத்தில் நான் செய்யவில்லை. அந்தக் கடிதத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு முறை, பைபாஸ் ஓரத்துச் சாயாக்கடையில், "தங்கராஜ், அந்த லெட்டர்..." என்று ஆரம்பித்தேன். "மேடம், சாயா ஆறுது" என்றார். எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கெட்ட வார்த்தையை எழுதி அனுப்பத் தெரிந்தவளுக்கு, நல்ல வார்த்தையைச் சொல்ல மட்டும் நாள் பார்க்கவேண்டியிருந்தது.

பாறசாலையில் அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அவர் மனைவி ஜெஸி என்னை உள்ளே கூப்பிட்டார். தங்கராஜின் பைபிளுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். மடிப்பைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. என் கடிதம். "எட்டு" என்ற இடத்தில் பென்சிலால் அடித்து "ஆறு" என்று தங்கராஜ் திருத்தியிருந்தார். "பின்னால பாருங்க மேடம்" என்றார் ஜெஸி. திருப்பினேன். மழைத் துளி பட்டு மங்கிய மூன்று பத்திக் கோடு. முதல் நாள் கூட்டத்தின் பட்டியல். குழாய் அடைப்பு, சசி, டிக், பக்கத்தில் வேல்முருகன் கையெழுத்து. மேல்மாடித் தண்ணீர், பிளம்பர், டிக். வாசல் மண் குவியல், டிக். கடைசி வரி தங்கராஜ் தனக்காக எழுதிக்கொண்டது. என்ன தடை: பத்மா மேடம் கோபம். யார் சரியாக்கணும்: தங்கராஜ். அந்த வரியில் டிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், இப்பம் எல்லாம் சரியாயிட்டுல்லா, டிக் போட்டுர வேண்டியதுதானேன்னு" என்றார் ஜெஸி. "அது நான் போடப்பிடாது, மேடம்தான் போடணும்னு சொல்லி திரும்ப உள்ள வச்சிருவாவ." நான் வாய்விட்டு அழுதேன். ஜெஸிதான் என்னைத் தட்டிக்கொடுத்தார், அன்றைக்கு அந்த வீட்டில், அவர் என்னை.

அந்தக் காகிதத்தை எனக்கே தந்துவிட்டார். தங்கராஜிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றும், தினமும் காலையில் நான் நிற்கும் வட்டமும்தான். அங்கேயே, அவருடைய மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து, "மன்னிச்சுக்கோங்க தங்கராஜ்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன்.